இத்தாலியில் ஒரு நாள் பயணம்: ரயிலா, காரா?

“இத்தாலிக்கு டிக்கெட் போட்டாச்சு. அங்கே கார் எடுக்கணுமா, ரயிலே போதுமா?” கோடை விடுமுறை நெருங்கினாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பழைய நண்பர்கள் கேட்கிறார்கள், சித்தப்பா மகன் கேட்கிறான், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் எழுதுவதைவிட, எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே பதிவில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமான பதிவுதான். பயணத் திட்டம் போடுகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். பணமும் நேரமும் மிச்சமாகும்.

ஒரு நகரத்தில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, காலையில் கிளம்பிப் பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டு இரவு திரும்புவதைப் பற்றி மட்டும்தான் இங்கே பேசப்போகிறேன். பெட்டி படுக்கையோடு ஊர் ஊராகப் போவது வேறு கணக்கு.

பொதுவாக இதை ஆளின் குணத்தை வைத்துப் பேசுவார்கள். நினைத்த இடத்தில் நிறுத்திப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குக் கார், அலைச்சல் வேண்டாம் என்கிறவருக்கு ரயில் என்பார்கள். இத்தாலியைப் பொறுத்தவரை எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே விடையைத் தீர்மானிப்பது நீங்கள் போகிற ஊர்தான். அதனால் யார் கேட்டாலும் முதலில் நான் கேட்பது, “எந்த ஊருக்குப் போறீங்க?” என்பதுதான்.

ஊரின் பெயர் தெரிந்ததும் இரண்டு தூரங்களை வரைபடத்தில் அளந்து பாருங்கள். ஸ்டேஷனில் இறங்கினால் பழைய ஊர் எவ்வளவு தூரம்? காரை நிறுத்த அனுமதி உள்ள இடத்திலிருந்து பழைய ஊர் எவ்வளவு தூரம்? எது குறைவோ, எதில் ஏற்றம் இல்லையோ, அதில் போங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மேட்டில் ஊர், பள்ளத்தில் ஸ்டேஷன்

இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நடு இத்தாலியின் பழைய ஊர்களில் பல குன்றின் உச்சியில் இருக்கின்றன. எதிரி வருவது தெரிய வேண்டும், மதில் கட்டிக் காக்க வேண்டும் என்று பழங்காலத்தில் மேலே குடியேறினார்கள். ரயில் பாதை போட்டதோ 19-ஆம் நூற்றாண்டில். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. ஆற்றங்கரையோரமாக, பள்ளத்தாக்கோடு பாதை போனது. ஸ்டேஷனுக்கு ஊரின் பெயரை வைத்தார்கள், ஊர் மேலேயே இருந்துவிட்டது.

சமவெளி ஊர்களில் இந்தச் சிக்கல் கிடையாது. பொலோன்யா, ஃபெராரா, பதுவா, வெரோனா, பீசா, லூக்கா எல்லாம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே பார்க்கக்கூடிய ஊர்கள். குன்றின் மேல் இருக்கும் ஊர்களில் ஒவ்வொன்றும் ஒரு விதம். மொந்தேபுல்ச்சானோவின் பெயரில் ஒரு ஸ்டேஷன் உண்டு. அங்கிருந்து ஊர் பல கிலோமீட்டர் தள்ளி, மலை மேலே. அசீசிக்குப் போகிறவர்கள் சமவெளியில் இருக்கும் சாந்தா மரியா தெலி ஆஞ்செலியில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏற வேண்டும். கோர்தோனாவுக்கும் கீழே காமூச்சாவில்தான் இறங்க வேண்டும்.

இதற்கு அருமையான விதிவிலக்கு ஓர்வியெத்தோ. ரோமிலிருந்து சாதாரண ரயிலில் ஒன்றே கால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து சாலையைத் தாண்டினால் எதிரிலேயே கயிற்றிழுவை ரயில். நம் பழனி விஞ்சைப் போல, சரிவில் இழுத்துக்கொண்டு போய்ச் சில நிமிடங்களில் குன்றின் மேல் விட்டுவிடும். முழங்கால் வலிக்காரரான என் அம்மாவை எந்தச் சிரமமும் இல்லாமல் ஊரின் பேராலய முகப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த முடிந்தது அந்த இழுவை ரயிலால்தான். தங்க நிற மொசைக் பதித்த அந்த முகப்பை மாலை வெயிலில் பார்க்க வேண்டும். உள்ளே சிஞ்ஞொரெல்லி வரைந்த இறுதித் தீர்ப்புச் சுவரோவியங்களையும் விட்டுவிடாதீர்கள்.

ரயிலுக்கென்றே அமைந்த ஒரு நாள்

ஃபுளோரன்ஸில் தங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது லூக்கா, பீசா இரண்டையும் ஒரே நாளில் சுற்றி வரும் வழி. சாந்தா மரியா நோவெல்லா ஸ்டேஷனில் காலையில் லூக்கா வழியாகப் போகும் ரயிலைப் பிடியுங்கள். ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் லூக்கா. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மதில் தெரியும். புல்வெளியைக் கடந்து மதிலுக்குள் நுழையும் சிறு வழியாக மேலே ஏறினால் நீங்கள் நிற்பது ஒரு தோட்டத்தின் நடுவில். ஊரைச் சுற்றிலும் நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த மதிலின் தலைப்பகுதி முழுவதும் இருபுறமும் மரம் நட்ட அகலமான நடைபாதை. குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாமும் வாடகை சைக்கிள் எடுத்து ஒரு சுற்று வரலாம். கீழே இறங்கினால் இசையமைப்பாளர் புச்சினி 1858-இல் பிறந்த வீடும், பழைய ரோமானிய அரங்கின் வளைவிலேயே வீடுகள் எழுந்து நிற்கும் முட்டை வடிவச் சதுக்கமும் இருக்கின்றன.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே ஸ்டேஷனில் பீசா ரயில். இங்கே ஒரு நுணுக்கம். பீசா சென்ட்ரல் வரை போகாமல், அதற்கு முன்னால் வரும் பீசா சான் ரொஸ்ஸோரே என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள். லூக்காவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து சாய்ந்த கோபுரம் சில நிமிட நடை. சென்ட்ரலில் இறங்கினால் இருபது இருபத்தைந்து நிமிடம் நடக்க வேண்டும். கோபுரம், பேராலயம், ஞானஸ்நான மண்டபம் எல்லாம் பார்த்துவிட்டு, ஊருக்குள் நடந்து ஆர்னோ ஆற்றைத் தாண்டிச் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போங்கள். ஃபுளோரன்ஸ் ஒரு மணி நேரம்தான்.

இந்தச் சுற்றைக் காரில் செய்ய முடியாது. காரில் போனால் எங்கே நிறுத்தினோமோ அங்கேயே திரும்பி வர வேண்டும். ரயிலில் போகிறவர் ஊரின் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறலாம். பார்த்த தெருவையே மறுபடி பார்க்காமல் ஊரை முழுவதும் குறுக்கே நடக்கலாம். ரயிலின் பெரிய லாபம் இதுதான் என்பேன். பயண நூல்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

இரண்டு வகை ரயில், இரண்டு வகை டிக்கெட்

ஒன்று அதிவேக ரயில். அரசு நிறுவனமான திரெனித்தாலியாவின் ஃப்ரெச்சாரோசாவும், 2012-இல் ஓடத் தொடங்கிய தனியார் ரயிலான இத்தாலோவும் போட்டி போட்டுக்கொண்டு ஓடுகின்றன. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம். ஃபுளோரன்ஸிலிருந்து பொலோன்யா சுமார் நாற்பது நிமிடம். பாதையின் பெரும்பகுதி அப்பெனைன் மலைக்கு அடியில் சுரங்கத்திலேயே போகிறது. ரோம்–ஃபுளோரன்ஸ் அதிவேகப் பாதையின் முதல் பகுதி 1977-இலேயே திறக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கே அது முன்னோடி. இந்த ரயில்களில் இருக்கை எண்ணோடுதான் டிக்கெட். முன்கூட்டி எடுத்தால் மலிவு, கடைசி நேரத்தில் விலை ஏறிவிடும். குறைந்த விலை டிக்கெட்டில் நேரத்தை மாற்றுவதும் கடினம்.

இன்னொன்று ரெஜியோனாலே என்ற வட்டார ரயில். ஒரு நாள் பயணத்துக்கு நமக்கு அதிகம் கைகொடுப்பது இதுதான். தூரத்துக்கேற்ற நிலையான கட்டணம். இன்று எடுத்தாலும் ஒரு மாதம் முன்னால் எடுத்தாலும் ஒரே விலை. இருக்கை எண் கிடையாது, டிக்கெட் தீர்ந்துபோகாது. ஃபுளோரன்ஸ்–பீசா ஒருவழிக்குச் சுமார் பத்து யூரோ. காலையில் மழை பெய்தால் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்பலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தின் முகப்பில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகித் தேதி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத டிக்கெட், எடுக்காத டிக்கெட் மாதிரிதான். பரிசோதகர் அபராதம் போடுவார். செல்பேசியில் எடுத்தால் அதில் வரும் குறிப்பைப் படித்து, அது சொல்கிறபடி செய்துவிட்டு ஏறுங்கள்.

அடுத்து, தகவல் பலகையைப் பார்க்கும் விதம். அங்கே ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயர்தான் பெரிதாக இருக்கும். ரோமிலிருந்து ஓர்வியெத்தோ போகும் வட்டார ரயிலுக்குப் பலகையில் ஃபுளோரன்ஸ் என்று போட்டிருப்பார்கள். லூக்கா ரயிலுக்கு வியாரெஜ்ஜோ என்று இருக்கும். உங்கள் ஊரின் பெயரைத் தேடிக்கொண்டு நிற்காமல், டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணையும் புறப்படும் நேரத்தையும் வைத்துப் பிளாட்பாரத்தைக் கண்டுபிடியுங்கள். பிளாட்பாரம் கடைசி நிமிடத்தில் மாறுவதும் உண்டு. அறிவிப்பில் ஒரு காது இருக்கட்டும்.

வேலைநிறுத்தம் இத்தாலிய ரயிலோடு சேர்ந்தே வரும். ஆனால் அது முன்னறிவிப்போடுதான் நடக்கும். போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் தேதிகள் இருக்கும். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது ஏற்பாடு. காலையில் சீக்கிரம் போய் மாலையில் திரும்பும் திட்டமாக இருந்தால் அன்றைக்கும் சமாளிக்கலாம்.

காரோடு நகரத்துக்குள் போகாதீர்கள்

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இத்தாலியின் பழைய நகரங்களில் பெரும்பாலானவற்றின் நடுப்பகுதியில் வெளி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. சுருக்கமாக இசட்.டி.எல். என்பார்கள். அந்த எல்லைக்குள் அனுமதி பெற்ற வண்டிதான் போகலாம். வாசலில் காவலர் நிற்க மாட்டார், கேமராதான் இருக்கும். வெள்ளை வட்டத்துக்குச் சிவப்பு விளிம்பு போட்ட பலகையும், அதன் கீழே நேரமும் இருக்கும். மின்பலகையில் ‘வார்க்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது என்று பொருள். உள்ளே போகக் கூடாது.

தெரியாமல் நுழைந்தால் அந்த நேரத்தில் எதுவும் நடக்காது. ஊருக்குத் திரும்பிப் பல மாதம் கழித்துக் கடிதம் வரும். ஒவ்வொரு முறை நுழைந்ததற்கும் தனித்தனி அபராதம். வழி தவறி ஒரே தெருவை இரண்டு முறை சுற்றினால் இரண்டு அபராதம். வாடகைக் கார் என்றால், உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காகக் கார் நிறுவனமும் உங்கள் கிரெடிட் கார்டில் தனியாக ஒரு தொகை எடுக்கும். செல்பேசி வழிகாட்டி சொன்னது என்ற சமாதானம் எங்கும் செல்லாது. தங்கும் விடுதி அந்த எல்லைக்குள் இருந்தால் வண்டி எண்ணை முன்கூட்டியே விடுதியில் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

வெனிஸுக்குக் காரில் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலத்தைத் தாண்டிப் பியாத்சாலே ரோமா என்ற இடத்தோடு சாலை முடிந்துவிடும். அங்கே நாள் கணக்கில் நல்ல கட்டணத்துக்கு வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். சாந்தா லூச்சியா ஸ்டேஷனில் இறங்குகிறவருக்கு, படியில் கால் வைத்ததுமே எதிரில் பெருங்கால்வாய். வெனிஸுக்கு ரயிலைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சிங்குவே தெர்ரேயும் அப்படித்தான். கடலோரப் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து ஊர்களுக்கு நடுவில் ரயில் சில நிமிடங்களில் போய்விடுகிறது. கார் வைத்திருப்பவர் நிறுத்த இடம் தேடியே பாதி நாளைக் கழிப்பார். ஐந்தில் கோர்னீலியா மட்டும் ஸ்டேஷனிலிருந்து உயரத்தில் இருக்கிறது, 370-க்கும் மேற்பட்ட படிகள். கால் வலி உள்ளவர்கள் அங்கே உள்ள சிறு பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம்.

கார் இல்லாமல் முடியாத ஒரு நாள்

இவ்வளவு சொன்ன பிறகும், ஒரு நாளாவது கார் எடுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் வால் தோர்ச்சா.

சியேனாவுக்குத் தெற்கே விரியும் பள்ளத்தாக்கு அது. 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே நாம் பார்க்கப் போவது ஓர் ஊரையோ ஓர் ஆலயத்தையோ மட்டும் இல்லை. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கும் நிலத்தைத்தான். மே மாதம் பச்சை, ஜூன் கடைசியில் கோதுமை மஞ்சள், அறுவடைக்குப் பிறகு உழுத மண்ணின் சாம்பல் நிறம். குன்றின் முதுகில் வளைந்து ஏறும் மண் பாதை, இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள், கடைசியில் ஒற்றை வீடு. இதற்கு நடுவில் ஸ்டேஷன் கிடையாது. பஸ் உண்டு, ஆனால் நாளுக்குச் சில தடவைதான். அதுவும் பள்ளிக்கூட நேரத்தை ஒட்டி ஓடும். நாம் பார்க்க விரும்புகிற இடத்தில் அது நிற்காது.

ஃபுளோரன்ஸிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். சியேனா வரை சுங்கம் இல்லாத நல்ல சாலை இருக்கிறது. முதலில் பியென்சா. இரண்டாம் பயஸ் என்ற போப், தான் பிறந்த சிற்றூரை 1459-இல் தொடங்கி ஒரு முன்மாதிரி நகரமாகத் திருத்திக் கட்டினார்; கட்டடக் கலைஞர் ரொஸ்ஸெல்லீனோ. மதிலுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் ஊரைக் குறுக்கே நடந்துவிடலாம். பேராலயத்தின் பின்பக்கம் மதிலோரமாக ஒரு நடைபாதை இருக்கிறது. அங்கே போய் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும், எதிரே அமியாத்தா மலை. ஊர்ப் பாலாடைக்கட்டி கொஞ்சம், ரொட்டி கொஞ்சம் வாங்கிக்கொண்டால் அந்தச் சுவரிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.

அங்கிருந்து சான் குயிரிகோ போகும் சாலையில் வித்தலேத்தா என்ற குட்டி ஆலயம் வயலின் நடுவில் தனியாக நிற்கும். அதற்கப்பால் பான்யோ வின்யோனி. ஊர்ச் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இங்கே வெந்நீர்க் குளம். குளத்தில் இறங்கக் கூடாது. ஆனால் குளத்துத் தண்ணீர் ஓடை ஓடையாகப் பாறைச் சரிவை நோக்கிப் போகிறது. எல்லோரும் அந்த வாய்க்காலின் ஓரத்தில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருப்பார்கள். என் மகள் அங்கிருந்து எழுந்து வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அடுத்த பஸ் எப்போது என்ற கவலை இல்லாததால் நாங்களும் அவளோடு உட்கார்ந்திருந்தோம். காருக்குக் கொடுக்கிற காசு இந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். ஜூன் மாதத்தில் ஒன்பது மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். மாலை வெளிச்சத்தில் எங்கே நிறுத்தத் தோன்றுகிறதோ அங்கே ஒதுங்கி நிறுத்திப் பாருங்கள்.

கியாந்தித் திராட்சைத் தோட்டங்களும் இதே வகைதான். ஆனால் வண்டி ஓட்டுகிறவர் ஒயின் சுவைக்கும் ஆசையை அன்றைக்கு மறந்துவிட வேண்டும். சட்ட வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், லைசென்ஸ் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குச் சுழியம்.

ரயிலும் வேண்டாம், காரும் வேண்டாம்

சில ஊர்களுக்கு மூன்றாவது வழிதான் நல்லது. சியேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரன்ஸிலிருந்து ரயில் ஒன்றரை மணி நேரம், சில ரயில்களுக்கு எம்போலியில் மாற வேண்டும். இறங்கினால் ஊர் மேலே இருக்கும். எதிரே உள்ள வணிக வளாகத்துக்குள் புகுந்து, அடுக்கடுக்கான நகரும் படிகளில் ஏறி, அதற்குப் பிறகும் ஒன்றரைக் கிலோமீட்டராவது நடந்தால்தான் காம்போ சதுக்கம். விரைவு பஸ்ஸில் போனால் அதே நேரத்துக்குள் ஊருக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடும். சான் ஜிமின்யானோவுக்கு ஸ்டேஷனே கிடையாது. போஜிபோன்சி வரை ரயில், அங்கிருந்து பஸ்.

அமால்ஃபிக் கடற்கரைக்குப் படகு. நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் சலேர்னோ போய், ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் படகுத்துறை. கோடைகாலத்தில் அங்கிருந்து அமால்ஃபிக்கும் பொசித்தானோவுக்கும் படகு உண்டு. அந்தக் கடற்கரைக்குப் போகும் மலையோரச் சாலை இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் நின்றுபோகும் அளவுக்குக் குறுகல். கூட்ட நாட்களில் ஒற்றைப்படை, இரட்டைப்படை வண்டி எண் பார்த்து அனுமதிக்கும் விதியும் கொண்டுவந்திருக்கிறார்கள். கடலிலிருந்து பார்த்தால்தான் அந்த ஊர்களின் முழு உருவமும் தெரியும் என்பது இன்னொரு காரணம்.

செலவுக் கணக்கு

இரண்டு பேர் என்றால் ரயில்தான் மலிவு, யோசிக்கவே வேண்டாம். நான்கு பேர் என்றால் கணக்கு நெருங்கி வரும். ஐந்து பேர் என்றால் சில ஊர்களுக்குக் கார் மலிவாகிவிடும். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வட்டார ரயிலில் டிக்கெட் வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காருக்கு வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெட்ரோல் லிட்டர் ஒன்றரை யூரோவுக்கு மேல். நெடுஞ்சாலைச் சுங்கம் ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் வரை ஒருவழிக்கே சுமார் 20 யூரோ. பார்க்கிங் தனி. தானியங்கி கியர் வண்டி கேட்டால் வாடகை கூடும். விபத்து நேர்ந்தால் நாம் கொடுக்க வேண்டிய தொகைக்காகக் கிரெடிட் கார்டில் ஒரு பெரிய தொகையை நிறுத்தி வைப்பார்கள். கார்டு ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகும் கார் வேண்டும் என்று தோன்றினால் எடுங்கள்.

வண்டியை விமான நிலையத்தில் எடுப்பது நல்லது. ஃபுளோரன்ஸில் சாந்தா மரியா நோவெல்லாவிலிருந்து டிராம் ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் விமான நிலையம். அங்கே எடுத்தால் நகரத்தின் கேமராக்களுக்குள் சிக்காமல் நேராக நெடுஞ்சாலைக்குப் போய்விடலாம். ஊருக்குள் இருக்கும் வாடகை அலுவலகங்கள் பல, ஞாயிற்றுக்கிழமையும் மதிய நேரத்திலும் மூடியிருக்கும்.

ஓட்டுவதற்கு முன்

இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அசல் லைசென்ஸோடு சேர்த்துத்தான் அது செல்லும். இரண்டும் கையில் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றிய நாட்டு லைசென்ஸ் இருப்பவர்களுக்கு அதுவே போதும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், இத்தாலியில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நேர்ச்சாலையில் இது பழகிவிடும். ரவுண்டானாவிலும், ஆளில்லாத சாலையில் பெட்ரோல் பங்கை விட்டு வெளியே திரும்பும்போதும்தான் கை பழைய பக்கத்துக்குப் போகும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் “வலது, வலது” என்று சொல்லிக்கொண்டே வரட்டும்.

நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110. ஊருக்கு வெளியே சாதாரண சாலையில் 90, ஊருக்குள் 50. சில இடங்களில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். கேமராவைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துப் பயனில்லை. சுங்கச்சாவடியில் டெலிபாஸ் என்று மட்டும் எழுதிய மஞ்சள் வரிசையில் நுழைந்துவிடாதீர்கள், அது சாதனம் பொருத்திய வண்டிகளுக்கு. பார்க்கிங்கில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு நமக்கானது இல்லை. வெள்ளைக் கோட்டுக்கும் சில இடங்களில் நேர வரம்பு உண்டு, பலகையைப் படியுங்கள்.

தெற்கே போகிறவர்களுக்கு

பொம்பேய் ரயிலுக்கான ஊர். நேப்பிள்ஸ் சென்ட்ரலின் கீழ்த்தளத்திலிருந்து சிர்கும்வெசுவியானா ரயில் ஏறி, பொம்பேய் ஸ்காவி ஸ்டேஷனில் இறங்கினால் அகழ்விடத்தின் வாசல் எட்டும் தூரத்தில். சுமார் நாற்பது நிமிடம். கூட்டம் அதிகம், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

பாரியில் தங்கினால் பொலிஞ்ஞானோ, மொனோப்போலி, ஒஸ்தூனி, லெச்சே எல்லாம் ஒரே ரயில் பாதையில் வரும். ஒஸ்தூனி மட்டும் குன்றின் மேல், ஸ்டேஷனிலிருந்து பஸ். குகை வீடுகளுக்குப் பெயர்போன மத்தேராவுக்குத் தனி ரயில் நிறுவனம். ஞாயிறன்று மத்தேரா போகத் திட்டமிட்டவர்கள் நேர அட்டவணையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சிசிலியின் பலேர்மோவில் ஈழத்திலிருந்து போன தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். அங்கே உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: செஃபலூ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள், ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு நடந்துவிடலாம். அக்ரிஜெந்தோ இரண்டு மணி நேரம். செஜெஸ்தாவில் தனியே குன்றின் மேல் நிற்கும் கிரேக்கக் கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் கார் ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவு ஆகிவிடுகிறது. ஃபுளோரன்ஸ், பொலோன்யா, பதுவா, நேப்பிள்ஸ் போன்ற ரயில் சந்திப்பு நகரத்தில் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். மொத்தப் பயணத்துக்கும் கார் எடுத்து, அதில் பாதி நாள் அது பார்க்கிங்கில் சும்மா நிற்கக் காசு கொடுக்காதீர்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரமும், ஞாயிறு மாலையும் இத்தாலியர்கள் எல்லோரும் சாலையில் இருப்பார்கள்; அந்த நாட்களில் ரயிலை விடாதீர்கள்.

ஐந்து நாள் கையில் இருந்தால் நான்கு நாள் ரயிலுக்கு, ஒரு நாள் காருக்கு. அந்த ஒரு நாளை வால் தோர்ச்சாவுக்கு ஒதுக்குங்கள். இதுதான் என் தீர்ப்பு. போக இருக்கும் ஊர்களின் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஸ்டேஷன் தூரத்தையும் பார்க்கிங் தூரத்தையும் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு டிக்கெட் எடுங்கள்.